வசந்தி கேட்டதற்கு நான் சொன்ன பதில்

வசந்தியின் வாடகை அறை போனது என்னால். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. பழியை வேறொருத்தி மேல் போட்டேன். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உத்திரமேரூரில், தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணினி பார்ப்பவன் நான். பணியாளர் விவரமெல்லாம் இணையத்தில் இயங்கும் ஒரு மென்பொருளில் இருக்கும். முகவரி, சாதி போன்ற கட்டங்களை ‘என்கிரிப்ஷன்’ போட்டுப் பூட்டியிருந்தோம். என்னைத் தவிர மற்றவர்களுக்கு அங்கே வெறும் நட்சத்திரக் குறிகள்தான் தெரியும்.

எங்கள் மூலம் வேலைக்குப் போகும் வசந்தி, இலவசப் பயிற்சிக்காகச் சாதிச் சான்றிதழ் கொடுத்தபோது கேட்டாள். “சார், நாங்க இருளருன்னு இதுல கீது. வேற யாரும் பாக்க மாட்டாங்க இல்ல?”

“ஒருத்தரும் பாக்க முடியாதும்மா” என்றேன். எத்தனை பெருமையாகச் சொன்னேன்!

பூட்டிய கட்டத்தை வைத்து ஊர்வாரியாகப் பிரிக்க முடியாது. அதனால் வேன் பொறுப்பாளர் புஷ்பா அக்காவுக்குத் தினமும் ரோதனை. “இன்னா தம்பி, யாரை எந்த ஊர்ல ஏத்தறதுன்னே தெரியல. தேடிக்கினே இருக்கணுமா? பேஜாரா கீது” என்றார் ஒருநாள்.

முகவரிக்கு மட்டும் பூட்டை எடுத்திருக்கலாம். ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யச் சோம்பல்... ‘அனைத்தும்’ என்பதை அழுத்தினேன். இனி எல்லோருக்கும் தெரியும், சம்மதமா என்று திரை கேட்டது. படிக்காமலா அழுத்தினேன்? படித்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

வசந்தியும் அவள் அம்மாவும் குடியிருந்தது புஷ்பா அக்கா வீட்டு மாடி அறையில்! தாமல் பக்கம் என்று மட்டும் சொல்லி வாடகைக்கு வந்தவர்கள்.

ஊர் தேடிய பட்டியலில் சாதியையும் பார்த்த அக்கா சத்தம்கூடப் போடவில்லையாம். “நீங்க இன்னா ஆளுங்கன்னு முன்னாடியே சொல்லியிருக்கணும். காலி பண்ணிக்கோ.” அவ்வளவுதான்.

மறுநாள் வசந்தி என் மேசை எதிரில் நின்றாள். “அக்காவுக்கு எப்படி சார் தெரிஞ்சிது? இங்க எங்க சின்னம்மா பொண்ணு தேவிக்குத்தான தெரியும்?”

என் திரையில் அந்தக் கட்டம் திறந்தே கிடந்தது.

“அப்ப அவதான் சொல்லியிருப்பா” என்றேன். குரல் நடுங்கவில்லை. ஏன் நடுங்கவில்லை...?

அவள் போனதும் பூட்டைத் திரும்பப் போட்டேன். யாரும் எதையும் கேட்கவில்லை.

இப்போது வசந்தி தாமலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வேன் ஏறுகிறாள். முன்பெல்லாம் அவளும் தேவியும் வேனில் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். இன்று அவள் முன் சீட்டில், தேவி கடைசி சீட்டில். “நான் இன்னா சார் பண்ணேன்? அவ ஏன் பேச மாட்றா?” என்று தேவி என்னிடமே கேட்டாள். தெரியவில்லையே என்றேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்...

நேற்று வசந்தி ஒரு பை நிறைய நாவல்பழம் கொண்டுவந்தாள். “நீங்க ஒருத்தர்தான் சார் எங்கிட்ட உண்மைய சொன்னீங்க.”

வாங்கிக்கொண்டேன். கழுவித் தின்றேன். நாக்கு இன்னும் நீலமாக இருக்கிறது.