கொடி துடைத்த துணிகள்: ராயபுரத்திலிருந்து நெட்டுக்குப்பம்

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்தது கீழே இறங்கும். அறுபத்தெட்டு வயதில், போன வருடம்தான் மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றேன். நோட்டில் எழுதுவதை மகன் படம் பிடித்து இங்கே போடுகிறான். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பொறுத்துப் படியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை நெட்டுக்குப்பம் போனேன். மகளைக் கட்டிக்கொடுத்த ஊர். பேத்தி தேவி அங்கே பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. அன்று பள்ளியில் சுற்றுச்சூழல் கண்காட்சி. அவளும் நான்கு தோழிகளும் செய்ததைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

அவர்கள் செய்தது இதுதான். எங்கள் பக்கத்தில் துவைத்ததை அப்படியே துணிக்கொடியில் போட மாட்டோம். முதலில் ஈரத்துணியால் கொடியைத் துடைப்போம். இல்லாவிட்டால் கொடியில் படிந்த கரி புடவையின் நடுவில் கறுப்புக் கோடாக விழும். பிள்ளைகள் இருபது வீடுகளுக்கு ஒரே அளவில் வெள்ளைத் துணி கொடுத்து, ஏழு நாள் அதனாலேயே துடைக்கச் சொன்னார்கள். பிறகு வாங்கி, ஒவ்வொன்றின் கீழும் தெருப்பெயர் எழுதி, அட்டையில் வரிசையாகக் குத்தினார்கள். அதில் ராயபுரத்துத் துணி ஒன்று. என் வீட்டுடையது. துடைத்தவனும் நான்தான்.

காலை 8.40க்கு ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் 5 ரூபாய். நாற்பது வருடம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன் நான். இந்தத் தடத்தில் ஸ்டேஷன்களை விரல்விட்டு எண்ணித்தான் இறங்குவேன். அன்று எண்ணவில்லை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் என்று ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படித்தேன். எதிரே இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்!

அரை மணியில் எண்ணூர். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, 20 ரூபாய், பத்து நிமிடம். ஓட்டுநர் என் சட்டையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பெர்சு, வெள்ளையும் சொள்ளையுமா கெளம்பிட்ட? சாயங்காலம் வா, இது உன் சட்டையான்னு நீயே கேப்ப."

கண்காட்சி அறையில் பாட்டிலில் வளர்த்த செடிகள், காகிதப் பைகள், தெர்மாகோலில் ஒரு பசுமை ஊர். அந்த ஊரில் புகைபோக்கியே இல்லை. தலையைத் திருப்பி ஜன்னலில் பார்த்தால் வரிசையாக நிற்கின்றன.

தேவியின் அட்டை கடைசி மேசையில் இருந்தது. துணிகளில் சில சாம்பல் நிறம், சில அடுப்புக்கரி மாதிரி. குனிந்து பெயர்களைப் படிக்கப் போனேன். பெயர்கள் இல்லை. ஒவ்வொரு பெயரின் மேலும் புதுக் காகிதம் ஒட்டி, இடம் 1, இடம் 2 என்று எழுதியிருந்தது. ராயபுரம் இடம் 20 ஆகியிருந்தது. எழுத்துத் தெரியாத காலமாக இருந்தால் நானும் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

அறிவியல் ஆசிரியர் ஜன்னலில் தெரிந்த புகைபோக்கிகளைக் காட்டி மெதுவாகச் சொன்னார். "பதினோரு மணிக்கு கம்பெனிலேர்ந்து கெஸ்ட் வர்றாருங்க ஐயா. இந்தச் செடி, குப்பைத்தொட்டி எல்லாம் அவங்க குடுத்தது. பேர் இல்லாம இருந்தா மாவட்டப் போட்டிக்கு இதைத்தான் அனுப்பறோம்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க."

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மீன் விற்கும் கஸ்தூரி, மகளின் பக்கத்து வீட்டுக்காரி. அவள் வீட்டுத் துணிதான் இருப்பதிலேயே கறுப்பு.

"இன்னா சார், என் வூட்ட இடம் மூணுன்னு போட்டுக்கீற? இடம் மூணுன்னு கடுதாசி போட்டா வருமா? கரண்ட் பில்லு மட்டும் கரெக்டா வருதே!"

"அக்கா, பசங்க நல்லதுக்குத்தான்..."

"எங்க நெஞ்சுல கீறது எங்க ஊரு கரி சார். பேரப் போடு, இல்லாங்காட்டி என் துணிய குடு. நான் அடுப்பு தொடைக்கவாவது ஆவும்."

அவளோடு வந்திருந்த பெண்களும் அதையே கேட்டார்கள். தேவி அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாவட்டப் போட்டிக்குப் போக வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள். என் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, நீ ஒண்ணியும் சொல்லாத," என்றாள். இடம் 3 என்ற காகிதத்தை நகத்தால் சுரண்டி உரித்தாள். பிறகு 4. பிறகு 5. தோழிகள் மறுமுனையிலிருந்து உரித்துக்கொண்டு வந்தார்கள். ஆசிரியர் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விருந்தினர் 11.20க்கு வந்தார். பெயர்களை எல்லாம் நிதானமாகப் படித்தார். "கொடியை வீட்டுக்குள்ள கட்டிக்கலாமே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாட்டில் செடியோடு படம் எடுத்துக்கொண்டு போனார். மாவட்டத்துக்குப் பாட்டில் செடி தேர்வானது. துணி அட்டையைச் சைக்கிள் கொட்டகையில் வைக்கச் சொன்னார்கள்.

சுற்றுச்சூழலைப் படி என்கிறார்கள். வானம், பூமி, கடல் எல்லாவற்றையும் எழுது, நீ மூச்சு விடுகிற தெருவை மட்டும் எழுதாதே என்கிறார்கள். இது என்ன பாடம்? இதை மனப்பாடம் செய்த பிள்ளை பெரியவளானதும் எதைத் தட்டிக் கேட்கும்?

தேவி அழுதாள். நன்றாகவே அழுதாள். மாலை நான்கு மணிக்குக் கஸ்தூரி நைலான் கயிறு கொண்டு வந்தாள். மீன் விற்கும் இடத்தில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டினார்கள். கொட்டகையிலிருந்து எடுத்து வந்த துணிகளைப் பெயரோடு ஒவ்வொன்றாகக் குத்தினார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் படித்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். அறையில் அவளை யாருமே கேட்காத கேள்விகளை எல்லாம் அங்கே கேட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: போக வர 50 ரூபாய் ஆகும். காலை ஒன்பதுக்குள் போனால் மீனும் கிடைக்கும், பேச ஆளும் கிடைக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள். உங்கள் வீட்டுக் கொடியைத் துடைத்த துணியையும் எடுத்துப் போங்கள். கயிற்றில் இடம் இருக்கிறது. தெருப்பெயரை நீங்களே எழுத வேண்டும், அதுதான் பிள்ளைகள் போட்ட விதி.

ஞாயிறுதோறும் புதுத் துணி கட்டப் போகிறார்களாம். ராயபுரத்துக் கொடியை இன்று காலையிலிருந்து மறுபடி துடைக்கத் தொடங்கிவிட்டேன். ஏழு நாளில் அது என்ன நிறமாகிறது என்று, அடுத்த வாரம் இதே நோட்டில் தெருப்பெயரோடு எழுதுகிறேன்.