ரெஹானாவின் சைன்

வோல்டேஜ் முள் இருநூறைத் தாண்டினால்தான் ரெஹானா கம்ப்யூட்டரைத் தொடுவாள். ஸ்டெபிலைசரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "ஏறு ராசா, ஏறு" என்று கெஞ்சுவாள். காமயகவுண்டன்பட்டித் தோட்டத்து மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் முள் படுத்துவிடும். வீட்டில் கிரைண்டர்கூட அவளைக் கேட்டுத்தான் சுற்றும்.

பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறாள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் காட்ட வந்த கிராபிக்ஸ் கார்டுக்கு சைன், லாக், வர்க்கமூலம் எல்லாம் போடக் கற்றுக்கொடுக்கும் வேலை. திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் கணவர் அப்சல் விளங்காமல் கேட்டால், "பள்ளிக்கூடத்துல லாக் டேபிள் புஸ்தகம் பாத்தீகல்ல மச்சான், அதைத்தான் இப்ப கார்டுக்குள்ள வைக்கிறேன்" என்பாள்.

"அதுலதாம்மா நான் பெயிலானேன்" என்பார் அவர்.

மாவு பிசைகிற விரலாலேயே காற்றில் வட்டம் போடுவது அவள் வழக்கம். போன வாரம் அந்த வட்டம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. சின்னக் கோணங்களுக்கு அவளுடைய சைன் சரியாக வந்தது. வட்டத்தைப் பல்லாயிரம் முறை சுற்றிவரும் பெரிய கோணங்களுக்கு விடை பிசகியது. வெள்ளிக்கிழமைக்குள் சோதனையில் தேறாவிட்டால் பெங்களூருக்கே வந்து வேலை பார்க்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்சல் தோட்டத்தை விட்டு நகர முடியாது. வேலையை விடவும் அவளுக்கு மனமில்லை.

இந்தப் பக்கம் எது கெட்டாலும் பழி வோல்டேஜ் மேல்தான். அவளும் அதையே திட்டிக்கொண்டிருந்தாள். வியாழன் மதியம் முள் ஆடாமல் நின்றது. சோதனையை ஓட்டினாள், பிழை. மறுபடி ஓட்டினாள். கடைசி இலக்கம் வரை அதே பிழை.

"மச்சான், கரண்டு கெடுத்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற விடை வரும். இது அச்சுல வார்த்த மாதிரி வருது. தப்பு என்னுதுதான்!"

"தப்புன்னு சொல்லிக்கிட்டா சிரிக்கிறே?"

"என் தப்புன்னா நான் திருத்திருவேன்ல. கரண்டை யாரு திருத்துறது?"

பெரிய கோணத்திலிருந்து முழுச் சுற்றுகளைக் கழிப்பதற்கு, பை என்னும் முடிவில்லாத எண்ணைக் கார்டில் அடங்கும் அளவுக்கு வெட்டி வைத்திருந்தாள். வெட்டிய வால் ஒரு சுற்றுக்குத் தூசி. பல்லாயிரம் சுற்றுக்கு மலை. இப்போது வாலையும் சேர்த்து மூன்று துண்டாக வைத்து, பெரிய துண்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்தாள். சோதனை தேறியது.

கம்பெனியிலிருந்து போன் வந்ததும் அப்சலிடம் நீட்டினாள்.

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"எம் பொண்டாட்டி ஊரை விட்டு எங்கிட்டும் வரலைன்னு சொல்லுங்க, போதும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "ஹலோ சார்" என்றபோது, ரெஹானா சிமெண்டுத் தரையில் இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரல்களை ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தாள்.