எட்டு முறை சிவப்பு

பன்னிரண்டாம் வகுப்பில் எனக்குப் புரியாத பாடங்கள் நிறைய இருந்தன. அவற்றால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. புரிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்ட ஒரே பாடம்தான் அக்காவின் ஒரு வருடத்தைத் தின்றது.

பெருநகர் என்ற எங்கள் கிராமத்திலிருந்து உத்திரமேரூருக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தேன். புள்ளியியலில், இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கும் ஒட்டுறவு என்ற பாடம் வந்ததும் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. கருதுகோள் சோதனை வந்தபோது சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. முதலில் எல்லாம் தற்செயல் என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். தற்செயலாக இப்படி நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று கணக்கில் தெரிந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். தள்ளுவதற்காக ஒன்றை எதற்கு மெனக்கெட்டு வைத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவே இல்லை. ஆளுக்கு ஒரு உதாரணம் வீட்டிலிருந்து எழுதிவரச் சொன்னார் டீச்சர்.

எனக்குப் பூ கேட்பது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதுவும் ஊர் எல்லை அம்மனைக் கேட்காமல் நடக்காது. ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி நாரால் கட்டி அப்பா கொண்டுபோவார். பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போட, வீட்டின் கடைக்குட்டியான நான் ஒன்றை எடுப்பேன். சிவப்பு வந்தால் உத்தரவு, வெள்ளை வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே குளத்தில் போட்டுவிட வேண்டும். போர்வெல் போட்டது, கறவை மாடு வாங்கியது, அம்மாவின் ஆபரேஷன் என்று எண்ணிப் பார்த்தேன். நான் எடுத்தது எட்டு முறை. எட்டும் சிவப்பு.

டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இருநூத்தி ஐம்பத்தாறுல ஒரு வாய்ப்பு. தற்செயல்னு சொல்ல முடியாது, தள்ளிடு.”

“அப்ப அம்மன்தான் சொல்றாங்களா டீச்சர்?”

“தற்செயல் இல்லைன்னு மட்டும்தான் கணக்கு சொல்லும். வேற என்னன்னு நீதான் தேடணும்.”

தேடினேன். கிழமை, மாதம், மழை பெய்ததா, எந்தக் கையால் எடுத்தேன் என்று பத்தி பத்தியாகக் கட்டம் போட்டு, சிவப்புக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒட்டுறவு கண்டுபிடிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கீழே பூஜ்ஜியம் வந்து நின்றது, வகுக்க முடியவில்லை. எல்லாமே சிவப்பாக இருந்தால் ஒட்டுறவு வராது, நடுவில் வெள்ளையும் வந்திருக்க வேண்டும் என்றார் டீச்சர். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் அம்மன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கணக்கே சொன்னபிறகு சந்தேகம் எதற்கு?

அந்தச் சமயத்தில்தான் அக்காவுக்குச் சென்னையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நிலம் இன்னும் பிரிக்காமல் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு அப்பா பேசி நான் பார்த்ததில்லை.

“வயசுப் பொண்ணு, பட்டணத்துல தனியா இருந்துகினு படிக்கணுமா? நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?” என்றார் பெரியப்பா.

“நம்ம கையில இன்னா கீதுண்ணா? பூ போட்டு அம்மாவையே கேட்டுடலாம்” என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

“அவ உத்தரவு குடுத்துட்டா நான் குறுக்க நிக்க மாட்டேன்” என்றார் பெரியப்பா.

அக்கா அன்று சாப்பிடவில்லை. நான் நோட்டை விரித்து, எட்டு சிவப்பையும் காட்டி, கண்டிப்பாகச் சிவப்புதான் வரும் என்று சத்தியம் செய்தேன். புள்ளியியலின் பெயரைக்கூடக் கேட்டிராத அக்கா அதை நம்பிப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா பொட்டலங்களை என் கையில் கொடுத்து மொபெட்டில் ஏற்றிக்கொண்டார். கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, கற்பூரம் வாங்கக் கடைக்குப் போனார். சோதனைக்கு முன்னால் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்றுதானே சட்டம், எடுப்பதற்கு முன்னால் பிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. நாரைத் தளர்த்திப் பார்த்தேன். அரளி. அடுத்ததையும் பார்த்தேன். அதிலும் அரளி.

பாவம் அப்பா, அவசரத்தில் தப்பாகக் கட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். இப்படியே கேட்டால் அது பொய் வாக்கு. பொய் வாக்கை நம்பிப் போகிற அக்காவுக்கு அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? கோயில் வேலியோரம் நந்தியாவட்டை கொட்டிக்கிடந்தது. ஒரு பொட்டலத்து அரளியை வீசிவிட்டு வெள்ளையை வைத்து, பழையபடி கட்டினேன். எட்டு முறை சிவப்பு கொடுத்தவள் ஒன்பதாவது முறை மட்டும் கைவிட்டுவிடுவாளா என்ன?

பெரியப்பாவும் வந்து சேர்ந்தபிறகு பூசாரி குலுக்கிப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

பெரியப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, “அம்மாவே சொல்லிட்டா” என்றார். அவர் குரலில் வெற்றிகூட இல்லை, பயபக்திதான் இருந்தது. அப்பா அந்த வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுக்காத பொட்டலத்தோடு குளத்துப் படியில் இறங்கினார். அதன் முடிச்சின்மேல் கட்டைவிரலை வைத்து வெகுநேரம் நின்றார். பெரியப்பா மேல்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு ஏறி வந்தார்.

அக்கா பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “எட்டு தபா வந்துச்சின்னியே” என்று மட்டும் கேட்டாள். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுமாதம் அவள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நான் பூவை மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை. தப்பைத் திருத்தியதற்கு எதற்காக இவ்வளவு குற்ற உணர்ச்சி என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

அடுத்த வருடம் மறுபடியும் இடம் கிடைத்தது. பூ கேட்கலாம் என்று அம்மா மெதுவாக ஆரம்பித்தபோது அப்பா கையால் தடுத்துவிட்டு, நேராகப் பெரியப்பாவிடம் போனார்.

“இந்த தபா யாரையும் கேக்கறதா இல்லண்ணா. எம் பொண்ணு படிக்கப் போறா.”

பெரியப்பா இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. அப்பாவுக்கு அம்மன்மேல் கோபம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு அதே பாடத்தை டியூஷன் எடுக்கிறேன். அந்தப் பழைய கட்டத்தில் கிழமைக்கும் மழைக்கும் பத்தி போட்ட நான், பொட்டலம் கட்டியது யார் என்று ஒரு பத்தி போடவில்லை. போட்டிருந்தால் எட்டு வரிசையிலும் ஒரே பெயர்தான் வந்திருக்கும். அந்த வெள்ளைப் பூ எங்கிருந்து வந்தது என்று அப்பா இன்றுவரை யாரையும் கேட்டதில்லை. கேட்டால் இரண்டிலும் தானே அரளி கட்டியதைச் சொல்ல வேண்டிவரும்; அப்படிக் கேட்க முடியாமல்தான் அன்றைக்குப் படியில் அவ்வளவு நேரம் நின்றார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.