நெபியோலோவை அறிந்த முருகேசண்ணன்

கொச்சி பள்ளுருத்தியில் வேலைக்குப் போக பஸ் ஏறியதுமே ஹோட்டலிலிருந்து போன் வந்தது. விடுப்பில் சொந்த ஊரான கம்பத்துக்குப் போயிருந்த முருகேசண்ணன் மாரடைப்பில் இறந்துவிட்டார். மட்டாஞ்சேரியில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்தேன்.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும், அவருடன் ஒயின் பரிமாறிய உங்களுக்குத் தெரியும், திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்த அவருக்கு இத்தாலியின் நெபியோலோ என்ற ஒயின் திராட்சை மீது தனிப் பிரியம். "எங்க ஊர்ப் பன்னீர் திராட்சை கன்னங்கரேல்னு இருக்கும், ருசி சாது. இதோட ஒயின் நேர்மாறு. பாக்க வெளிறிப்போய் இருக்கும், வாயில வச்சா உலுக்கிரும்" என்பார். மலைச்சரிவில் மூடுபனி இறங்கும்வரை பழுக்காத திராட்சை அது என்று, தான் பார்த்தேயிராத அந்த மலையைப் பக்கத்துத் தோட்டம்போலப் பேசுவார்.

நான் சேர்ந்த மூன்றாம் மாதம் அது. காக்கநாட்டு ஐ.டி. கம்பெனியிலிருந்து சாப்பிட வந்த ஒரு சென்னைக்காரர், நான் திறந்து ஊற்றிய நெபியோலோவை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"அந்தப் பக்கம் விரல் தெரியுது. தண்ணி கலந்திருக்கீங்க!"

மலையாளியான மேனேஜர் ஓடி வந்தார். "சத்தியம் சொல்லு சாந்தி, வெள்ளம் கலந்தியா?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். முருகேசண்ணன் இன்னொரு பாட்டிலை எடுத்துவந்து, சென்னைக்காரர் கண்ணெதிரே திறந்து ஊற்றினார். அதே வெளிர்சிவப்பு.

"சாந்தி கலந்திருந்தா நாளைல இருந்து நானும் வேலைக்கு வரல. நிறத்த விடுங்க சார். ரெண்டையும் குடிச்சுப் பாருங்க."

அவர் குடித்தார். முகம் சுருங்கியது. "அப்பா, என்னா துவர்ப்பு!"

"தண்ணி கலந்தா இப்பிடித் துவர்க்குமா சார்? ரோஜா வாசனை வருதா? அதான் இந்தத் திராட்சை. கூட ஒரு துண்டு மட்டன் சாப்பிடுங்க, துவர்ப்பு அடங்கிரும்."

சாப்பிட்டவர் சிரித்துவிட்டார். "ஸாரி, அண்ணே" என்றார்.

"எங்கிட்ட எதுக்கு சார்? பாட்டிலத் திறந்தது சாந்தி."

அவர் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் சாயா குடிக்கும்போது, "நான் கலந்திருந்தா என்னண்ணே பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"கலக்கலைனு தெரியும். அப்புறம் எதுக்கு யோசிக்கணும்?" என்றார்.

அவர் இல்லாத போன வாரம் பாத்திரம் கழுவும் அக்காமேல் ஒரு பொய்ப் பழி வந்தது. எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். "அவங்க இல்ல சார், எனக்குத் தெரியும்" என்று நான் முன்னால் போய்ச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. முருகேசண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான்.