ஏழு மணி அதிர்வு

பாக்கியமேரிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. காலேஜில் பௌதிகம் நடத்தும்போதும் கரும்பலகைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். அப்படிப்பட்டவளை ஸ்ரீரங்கத்து வாடகை வீடொன்றில் உட்காரவைத்து, பூமி அதிர்வைப் பதியும் கருவியையே பார்த்துக்கொண்டிரு என்றால் எப்படி? பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அது 1964. அணுகுண்டை இனி ஆகாயத்தில் வெடிப்பதில்லை என்று வல்லரசுகள் முந்தின வருஷம்தான் கையெழுத்துப் போட்டிருந்தன. பூமிக்கடியில் வெடிக்கத் தடையில்லை. அதையும் தடுக்க வேண்டுமானால், எது குண்டு, எது பூகம்பம் என்று கருவி கோடு போட்ட தாளைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே! அதற்குத்தான் இந்தப் பயிற்சி. அதில் முதலிடம் பெறுபவருக்கு, ஆயுதக் குறைப்புப் பேச்சு நடக்கும் ஜெனீவாவில் வேலை. பாக்கியமேரி தினமும் கனவிலேயே ஜெனீவா போய் வந்தாள்.

கடைசியில் அவளும் கூடப் பயின்ற ரஷீதாவும் சமமாக நின்றார்கள். பயிற்சிக்கு லீவு விட்ட ஒரு நாளில் பதிந்த தாளை, பயிற்சி நடத்திய சதானந்தம் சார் இருவரிடமும் நீட்டினார். காலை ஏழு மணிக்கு ஒரு குலுக்கல். வெடி போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. யோசிக்கப் பொறுமை ஏது? 'வெடி' என்று எழுதிவிட்டாள். ரஷீதா 'சொல்ல முடியவில்லை' என்று எழுதினாள். எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் கல்குவாரியில் அந்த நேரத்துக்கு வெடி வைக்கச் சொல்லியிருந்தவர் சார்தான். ஜெனீவா பாக்கியமேரிக்கு!

மூன்றாம் நாள், திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில், பயிற்சிக்காகக் குவாரிக்குப் போனபோது பழக்கமான வெடிக்காரர் பிச்சமுத்து நின்றிருந்தார்.

"உங்க வெடியாலதான் அண்ணே நான் ஜெனீவா போறேன்!"

"எந்த வெடிம்மா? அன்னிக்கு ரங்கநாதர் தேராச்சே! குவாரியில ஈ காக்கா இல்லை. எல்லாரும் வடம் பிடிக்க வந்துட்டோம். ஏழு மணிக்கு உங்க பயிற்சி வீட்டுப் பக்கந்தான் தேர் நகர்ந்துச்சு."

பாக்கியமேரி பஸ் ஏறவில்லை. காவிரிப் பாலம்வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நாளைக்கு ஜெனீவாவிலும் இப்படி எழுதினால், குண்டே வெடிக்காத நாட்டின்மேல் அல்லவா பழி விழும்! நேரே சாரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். தான் சொன்னால் வெடித்திருக்கும் என்று நம்பி, விசாரிக்காமலே மார்க் போட்ட மனுஷர் கூனிக்குறுகிப் போனார். இடம் ரஷீதாவுக்குப் போயிற்று.

சாயங்காலம் ரஷீதா ஓடிவந்தாள். "அக்கா, அது தேருன்னு எனக்கு மட்டும் தெரியுமா? அல்லா அறிய ஒண்ணும் புரியலை. அதான் அப்படி எழுதினேன்."

பாக்கியமேரி நடையை நிறுத்தி அவள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும்தான் புரியலைடி. நீ புரியலைன்னு எழுதினே. நான் வெடின்னு எழுதினேன்."