இடப்பக்கம் திரும்புகிறவர்

ஓவியக்கூடத்தின் படி ஏறி முடிந்ததும் சுவரில் ஓர் அம்புக்குறி வலப்பக்கம் போகச் சொல்லும். தில்லையர் அதற்கு மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு இடப்பக்கம் திரும்புவார். கதிரையில் இருக்கும் காவற்காரி கேசர் அம்மாள் எழுந்து, ‘மறுபக்கம், மறுபக்கம்’ என்று ஜெர்மனில் சொல்லுவாள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். ஞாயிறு காலையில் இலவசம்தான், என்றாலும் வாசலில் ஒரு சீட்டுத் தருவார்கள். அதன் மூலையைக் கிள்ளிக் கிழித்துவிட்டுத்தான் சட்டைப்பைக்குள் வைப்பார். பதினெட்டு வருடம் யாழ்ப்பாணம் – வவுனியா பஸ்சில் கொண்டக்டராக இருந்த மனிதர். கை சும்மா இருக்குமா?

முழுப்பெயர் தில்லைநாதன். வயது நாற்பத்தெட்டு. சுவிசில், எம்மன்புரூக்கேயில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிறோம், அதில் மூத்தவர் அவர், வாய் கூடியவன் நான். இரண்டு பேருக்கும் ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவுகிற வேலை. ஞாயிறு வந்தால் போக இடமில்லை. ஸ்டேஷனில் நின்றால் பொலிஸ் வந்து விசாக் கடதாசி கேட்கும், ஏரிக்கரையில் நின்றால் குளிர் காதைப் பிய்க்கும். ஆகவே போன மார்கழியில் நான்தான் அவரை லூசேர்னில் உள்ள இந்தச் சின்ன ஓவியக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஹீற்றர் இருக்கிறது, கடதாசி கேட்பாரில்லை. வேறு ஒரு புண்ணியமும் நினைத்துச் செய்யவில்லை.

நடுவில் முற்றம், அதைச் சுற்றி ஒன்பது அறைகள். இதைக் கண்டதும் தில்லையருக்குக் கோயில் வீதி என்று பட்டுவிட்டது. நடு முற்றம் வலக்கைப் பக்கம் இருந்தால்தான் வலம் வருவது. அப்படியென்றால் முதல் அடி இடப்பக்கம். அம்புக்குறியைப் பற்றி நான் சொன்னதற்கு அவர் சிரித்தார்.

“நாங்கள் எந்த வீதியையும் வலமாத்தான் தம்பி சுத்துறது. மற்றப் பக்கம் சுத்துறது சுடலையில. அதுவும் தோளில கொள்ளிக்குடத்தோட.”

படத்தின் முன்னால் காலை அகட்டி, ஓடுகிற பஸ்சில் நிற்பதுபோலத்தான் நிற்பார். காதில் பென்சில். அதை எடுத்து எழுதி நான் கண்டதில்லை. யாராவது வெள்ளைக்காரக் கிழவி படத்தை மறைத்தால், “உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ” என்று மெல்லச் சொல்லுவார். அந்தக் குரலுக்கு மொழி தேவையில்லை. கிழவிகளும் நகர்ந்து கொடுப்பார்கள். வாரம் ஓர் அறையைப் படிப்பார். படித்ததை இரவுச் சாப்பாட்டில் எங்களுக்கு ஒப்புவிப்பார். கேட்காமல் எழும்பினால் கோபம் வரும்.

அவர் படித்த சரித்திரம் இதுதான்:

“வெள்ளைக்காரனுக்கு முதல்ல ஒண்டும் கீறத் தெரியேல்லை. சும்மா பெட்டி, கோடு. சாயத்தை ஊத்திவிட்டிருக்கிறான். பிறகு முகம் வருது. ஆனா கண் ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம். பாவம், பழகிறான். பிறகு மூக்கு இருக்க வேண்டிய இடத்துக்கு வருது. கடைசி அறைக்கு வரேக்கை மயிர் மயிராக் கீறிறான். தங்கம் பூசுறான். சாமியைக் கண்டிட்டான்.”

நாங்கள் எல்லோரும் இதை நம்பினோம். படங்களின் கீழே கீறியவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். ஆண்டு தெரிய வேண்டுமென்றால் வாசலில் விற்கிற கையேட்டைப் பார்க்க வேண்டும், அது ஜெர்மன். அறைக் கதவுகளில் ஒன்பது, எட்டு, ஏழு என்று இலக்கம் குறைந்துகொண்டு வருவதை அவரும் கவனித்திருந்தார். திரும்பி வருகிற பஸ்சில் தரிப்பு இலக்கம் இறங்கித்தானே வரும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். ‘திரும்பி’ என்று தன் வாயால் சொன்னது தன் காதில் விழவில்லை.

இரண்டாம் அறையில் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பெடியன் படம் இருக்கிறது. சுற்றி வந்து சேரும்போது அதில்தான் பெரிய தரிப்பு. “நாடியைப் பார் தம்பி, எங்கட குகன்ர நாடி” என்று தன் மோவாயைத் தொட்டுக் காட்டுவார். குகதாசன் அவருடைய ஒரே மகன். எண்பத்தைந்தில், பத்தொன்பது வயதில், தகப்பனுடைய பஸ்சிலேயே போய்க்கொண்டிருந்தபோது வழிமறித்துச் சோதித்த ஆமிக்காரர்கள் அவனை இறக்கினார்கள். பஸ்சை எடு என்று துவக்கால் காட்டினார்கள். கொண்டக்டர் இரண்டு தரம் பெல் அடித்தால்தான் பஸ் வெளிக்கிடும். எழுபது சனம் உள்ளே. இதை ஒரு நாள் அந்தப் படத்தின் முன்னால் நின்றுதான் சொன்னார்.

“நான்தான் பெல் அடிச்சன். ரெண்டு தரம்.”

 

அதற்குப் பிறகுதான் அந்தச் சரித்திரத்தை அவர் எதற்காக இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. ஆமி முகாமிலிருந்து விட்டுவிட்ட ஓரிருவரை ஊரில் கண்டிருக்கிறார். அடித்து முகம் குலைந்த பிள்ளைகள், ஒரு வருடத்தில் திரும்ப ஆளாகிவிட்டார்களாம். ஒன்பதாம் அறையில் முகமே இல்லை, இரண்டாம் அறையில் குகனின் நாடி. இத்தனை அறை தாண்டி வந்தால் முகம் கிடைக்கும் என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறதே, பிறகென்ன? வாராவாரம் வலம் வருவது நேர்த்திக்கடன்தான். சுற்றி முடிகிற ஒரு கிழமையில் புனிதவதியிடமிருந்து நல்ல கடிதம் வரும் என்று இருந்தார். புனிதவதி ஊரில் இருக்கிற அவர் மனைவி.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஜெர்மன் வகுப்புக்குப் போகிறவன் என்ற மிதப்பு வேறு. மாசியில் வகுப்பு ஆசிரியை அந்தக் கையேட்டை இரவல் தந்தாள். வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த கதைதான். பஸ்சில் அவர் பக்கத்தில் இருந்து ஆண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். தங்கம் பூசிய சாமி ஐந்நூறு வருடம் பழையது, தொப்பிப் பெடியன் அதற்கு அடுத்தது, பெட்டியும் கோடும் நேற்று வந்தவை. “நீங்கள் தலைகீழாப் படிச்சிருக்கிறியள் அண்ணை” என்று சிரித்தும் விட்டேன்.

அவர் கையேட்டை வாங்கி இலக்கங்களை விரலால் தடவிப் பார்த்தார். இலக்கம் வாசிக்க ஜெர்மன் தேவையில்லை.

“அப்ப முகம் முதலே இருந்ததோ?”

“ஓம் அண்ணை.”

“இருந்த முகம்தான் இல்லாமப் போகுதோ?”

கமரா வந்தது, சண்டைகள் வந்தன, அவர்கள் வேறு மாதிரிப் பார்க்க நினைத்தார்கள் என்று ஆசிரியை சொல்லித் தந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லை. நான் கையைப் பிடித்து இறக்கினேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அது எப்போதும் பேசி முடிந்த பிறகுதான் கடிபடும். ஆனாலும் அடுத்த ஞாயிறு அவர் இடப்பக்கம்தான் திரும்பினார். அதற்கடுத்த ஞாயிறும்.

பங்குனியில் கடிதம் வந்தது. முகாமிலிருந்து விடுபட்ட ஒரு பெடியன் வீட்டுக்கே வந்து சொல்லியிருக்கிறான். குகன் பிடிபட்ட ஒன்பதாம் நாளே முடிந்துவிட்டதாம், இவன் பக்கத்தில் இருந்தவனாம். இரண்டரை வருடமாக இல்லாத ஓர் ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள். புனிதவதி அழுது எழுதவில்லை. ‘உடம்பில்லாமல் எங்கை வைச்சு எரிக்கிறது, கொள்ளி வைக்க நீங்களும் இல்லை’ என்று மட்டும் கேட்டிருந்தாள். தில்லையர் கடிதத்தை எனக்கு வாசிக்கத் தந்துவிட்டு வேலைக்கு வந்தார். அன்று ஒரு கோப்பைகூட உடையவில்லை.

ஞாயிறு காலை எழும்பிப் பார்த்தால் மீசையை வழித்திருந்தார். காதில் பென்சில் இல்லை.  வாசலில் தந்த சீட்டைக் கிழிக்காமல் பைக்குள் வைத்தார். படி ஏறி முடிந்ததும் குனிந்து சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, வலப்பக்கம் திரும்பினார்.

கேசர் அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மெல்லக் கைதட்டி, ‘கடைசியில் பிடித்துக்கொண்டார், பாருங்கள்’ என்று என்னிடம் சொன்னாள்.  அவர் தங்கச் சாமிகளைத் தாண்டினார். தொப்பிப் பெடியனிடம் நிற்கவில்லை. முகங்கள் குலைகிற அறைகளுக்குள் போய், பெட்டியும் கோடும் இருக்கிற அறை வழியாக வெளியே வந்து, திரும்பவும் வலப்பக்கமே போனார். இரண்டாம் சுற்றில்தான் அவருடைய இடது கை தோள் மட்டத்துக்கு உயர்ந்து எதையோ அணைத்துப் பிடித்திருப்பதைக் கேசர் அம்மாள் கண்டாள். தோள் நோகிறதா, கதிரை தரட்டுமா என்று கேட்டாள். நோகிறதுதான் என்றேன், கதிரை வேண்டாம் என்றேன்.

மூன்றாம் சுற்று முடித்துப் படியின் தலைப்பில் வந்து, அறைகளுக்கு முதுகு காட்டி நின்றார். தோளருகே மடங்கியிருந்த விரல்களை விரித்துக் கையை விட்டார். பிறகு சப்பாத்தில்லாத காலோடு, திரும்பிப் பாராமல் படியிறங்கினார்.