போனில் நான் சொன்ன ‘பனி’

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும். நடந்ததில் முன்னது பின்னது மாறியிருந்தால் மறதிதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோம் நர்ஸ் வேலைக்குப் புதிதாகப் போகிற பெண்களுக்கு உதவும் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஷீபாவின் வீட்டில் ஹோம் நர்ஸாகச் சேர்ந்தேன். முப்பத்துநான்கு வயது. சென்னையில் கிட்னி மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. கிட்னி தந்தது அவளைப் பெற்ற அம்மா. கணவர் குவைத்தில். ஒரே மகள் மினு, ஒன்றாம் வகுப்பு.

முதல் நாளே ஷீபா மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினாள்.

“மாமி, இது ஒரு நேரங்கூட தப்பப்பிடாது. இல்லைன்னா உடம்பு புதுக் கிட்னிய வெரட்டிரும். ஆனா இதத் தின்னா நோவு எதிர்க்க பெலம் கிடையாது. ரோட்டுல எவன் தும்முனாலும் நேரா என்கிட்டதான் வரும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. காலை போன்

ஒரு நாள் மினு பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் படுத்தாள். மறுநாள் காலையில் தொட்டால் சுட்டது. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் உடனே சென்னை ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும் என்று பீரோவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

போனில் பேச எனக்குக் கூச்சம். ஆள் முகம் தெரியாவிட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஷீபா நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினாள். “நீங்களே சொல்லுங்க மாமி.”

“சிஸ்டர், ஷீபாக்க பிள்ளைக்கு பனி” என்றேன்.

“பனியா? காலையில வெளிய விடாதீங்கம்மா. தலைக்குக் குல்லா போட்டு விடுங்க. ஷீபா மருந்த மட்டும் கரெக்டா குடுங்க.”

வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று குல்லாவைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டேன். ஷீபா மகளை மடியில் கிடத்திக்கொண்டாள்.

3. மத்தியானம்

தெர்மாமீட்டரில் நூற்றுமூன்று. மினு தாயின் முகத்துக்கு நேரே இருமினாள். எனக்கு மனது ஒப்பவில்லை.

“மோளே, இந்தச் சூட்டுக்கு எவளாவது தொப்பி போடச் சொல்லுவாளா?”

ஷீபா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சென்னைக்காரவியளுக்குப் பனின்னா மஞ்சு, மாமி. காலத்த வெளுப்புக்குப் புல்லுல கெடக்க ஈரம். காய்ச்சல்னு சொன்னாத்தான் வெளங்கும்.”

“இது காலத்த போன் பண்ணும்போதே உனக்குத் தெரியுமா?”

“தெரியும். சொன்னா என்னையும் இவளையும் பிரிச்சுப் போடுவாவ. ஆஸ்பத்திரியில கெடந்தப்ப எத்தன மாசம் பிள்ளையப் பாக்காம கெடந்தேன்! இனி எனக்கு வய்யாது, தாங்க முடியாது. போன் பண்ணாதீங்க. நீங்க வேலைக்கு வந்தவிய.”

அந்தச் சொல் தைத்தது. ஆனாலும் விடவில்லை.

“வேலைக்கு வந்தவதான். எனக்க வேல இதுதான். பிள்ளைய இங்க தா.”

மினுவை வாங்கி மறு அறையில் கிடத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தாளைப் பார்த்து ஒவ்வொரு நம்பராக நானே அமுக்கினேன்.

“காலத்த கூப்பிட்டது நான்தான். பிள்ளைக்குக் காய்ச்சல். நூத்திமூணு. இருமலும் உண்டு. எங்க ஊருல இதத்தான் பனின்னு சொல்லுவோம்.”

“லைன்லயே இருங்கம்மா” என்றார் சிஸ்டர். பிறகு டாக்டரே லைனில் வந்தார். தாய் எத்தனை மணி நேரம் பக்கத்தில் இருந்தாள் என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. இரண்டு பேருக்கும் இன்றே மூக்கில் ஸ்வாப் எடுக்க வேண்டும், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஷீபாவுக்கு ஃப்ளூ மாத்திரை தொடங்க வேண்டும், கிட்னி மாத்திரையை நிறுத்தக் கூடாது, தனி அறை, மாஸ்க், ஜன்னல் திறந்தே இருக்கட்டும் என்றார். மாத்திரைச் சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றைக்கே வாங்கிக் கொடுத்தேன், ஷீபா முறைத்துக்கொண்டே விழுங்கினாள்.

4. கதவு

மினுவுக்கு ஃப்ளூ என்று ரிசல்ட் வந்தது, ஷீபாவுக்கு இல்லை. மினுவுக்குத் தண்ணீர் கொடுத்த கையைக் கழுவாமல் ஷீபாவின் கதவைத் தொட்டதில்லை. மாஸ்க்கும் கழற்றவில்லை. ஒரே வீட்டுக்குள் தாயும் மகளும் வீடியோ கால் பேசினார்கள்.

“அம்மைக்கு என்கிட்ட பிணக்கமா?” என்று மினு கதவைத் தட்டி அழுதாள்.

“பிணக்கமில்ல மக்கா. உனக்க இருமல்தான் அவளுக்கு ஆகாது.”

உள்ளேயிருந்து ஷீபா, “மாமி, உங்களப் போலீசுல எடுத்திருக்கணும்” என்றாள். கோபம்தான். போகட்டும், கதவை அவள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். “மாமி, தொண்ட வலிக்குது. சூடு நூறு. சென்னைக்குச் சொல்லிட்டேன். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னாவ.”

இரண்டு நாள் அட்மிட். மாத்திரை முதலிலேயே தொடங்கியது நல்லதாயிற்று என்றார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், கிட்னி கெட்டால் ஏறுகிற கிரியாட்டினின் ஏறவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கஞ்சி இறங்கியது.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, போனில் நோயின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். தெர்மாமீட்டரில் என்ன இருக்கிறது, எப்போது தொடங்கியது, இருமல் உண்டா, யார் பக்கத்தில் இருந்தது, இதைச் சொல்லுங்கள். சொன்னது அவர்களுக்கு விளங்கியதா என்று திருப்பிக் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள். நோயாளி வேண்டாம் என்றாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

ஷீபாவுக்கு அந்த மாத்திரை எத்தனை நாள் கொடுத்தோம், மினுவை எத்தனை நாள் தள்ளி வைத்தோம் என்பது எனக்கு நிச்சயமாக நினைவில்லை. அதனால் நாள் கணக்கு எழுதவில்லை. படித்த நர்ஸ் யாராவது இதைப் பார்த்து, தப்பைத் திருத்தி, விட்டதைச் சேர்த்த பிறகு பிள்ளைகள் கையில் கொடுங்கள்.